நடுக்கம் நின்ன வண்டி

— மாமி எங்க சார்? கை கழுவத் தண்ணி வேணும்னா யாருகிட்ட கேக்க?

— என்கிட்டதான் கேக்கணும். இனிமே இந்த ஆத்துல எல்லாத்துக்கும் நான்தான். வாட்ச்மேன் பஞ்சு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?

— அவன் எங்க சொன்னான்? 'பூலோகம் பாய், மாட்டுங்கா ஐயர் சார் வண்டியப் பாக்கணுமாம், ஜல்தி வா'ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டான். நானும் தாராவியில கையில இருந்த வேலைய அப்படியே போட்டுட்டு வாரேன். ஏன் சார், என்ன ஆச்சு?

— அபயா போயிட்டாப்பா. என் ஆம்படையா. மூணு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை. இந்த வண்டியில, என் பக்கத்து சீட்டுல உக்காந்துண்டு. நான்தான் ஓட்டினேன். இடது பக்கம் நசுங்கிக் கெடக்கறது பாரு. போலீஸ் காம்பவுண்டுலேந்து போன வாரம்தான் இழுத்துண்டு வந்தா. எஞ்சின் மூடியைத் தூக்க எனக்கு மனசு வரலை. என்னப்பா, அப்படியே தரையில உக்காந்துட்டே?

— ஒண்ணுமில்ல சார். வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்தேம்லா. தலை சுத்துது. சார், நீங்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்களேன். எனக்கு இன்னிக்கு முடியும்னு தோணல.

— வந்துட்டு அப்படிச் சொல்லப்டாது. இந்தா, தண்ணி குடி. நாளைக்குக் காலம்பற ஸ்க்ராப்காரன் வந்து இழுத்துண்டு போயிடுவான். அதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். ரயில்வே டிராயிங் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். ஸ்டெப் பை ஸ்டெப் சொல்றேன், கேளு.

— சொல்லுங்க.

— எண்பத்தொம்பது மாடல் கான்டெசா கார். பத்து வருஷமா கவர் போட்டுக் கெடந்தது. ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? வேற ஒருத்தர் கை படாம நானே ஓட வெக்கறேன்னு பில்டிங் முழுக்கத் தம்பட்டம் அடிச்சேன். வீடியோ பாத்துப் பாத்து கார்புரேட்டரைக் கழட்டினேன், கழுவினேன், ஜாயிண்டுக்கு அட்டையில கேஸ்கெட் வெட்டி மாட்டினேன். ஸ்டார்ட்டும் ஆயிடுத்து. ஆனா சும்மா நிக்க வெச்சா நடுங்கறது. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற. மூணாவது மாடி ஜஹாங்கீர் பால்கனிலேந்து எட்டிப் பாத்து, 'ஐயர், வண்டிக்கு மலேரியா வந்திருக்கு, டாக்டரைக் கூப்பிடு'ன்னு தெனம் கத்துவார்.

— எங்கியோ காத்து இழுத்துருக்கும் சார். எஞ்சின் கார்புரேட்டர் வழியாத்தான் மூச்சு விடணும். வேற ஓட்டை வழியா இழுத்துச்சுன்னா இந்த மாதிரிதான் நடுங்கும்.

— எக்ஸாக்ட்லி. வேக்யூம் லீக். அந்த ஓட்டையைத் தேடி ஒரு மாசம் பைத்தியமா அலைஞ்சேன். சோப்புத் தண்ணி அடிச்சேன். ரப்பர் குழாயைக் காதுல வெச்சுண்டு ஒவ்வொரு ஜாயிண்டா கேட்டேன். சாப்பிடக் கூப்பிட்டா போகலை. தூக்கத்துலகூட உஸ் உஸ்ஸுன்னு சத்தம் போடறேன்னு அபயா சொல்லுவா. ஒரு நாள் கோபம் வந்து ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சேன். அவ பேசாம எடுத்துத் தொடச்சு வெச்சா.

— ம்.

— அப்புறம் ஒரு நாள் காலம்பற நடுக்கம் நின்னுடுத்து. அன்னிக்கே அவளை உக்கார வெச்சுண்டு செம்பூர் கோவிலுக்குக் கெளம்பினேன். பாலத்து இறக்கத்துல பிரேக்கை மிதிக்கறேன், கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு காலையும் சேத்து மிதிச்சேன். என் முட்டிதான் ஒண்ணுக்கும் ஒதவாதே. கீழ ஓரமா ஒரு டெம்போ நின்னுண்டிருந்தது. அவ பக்கம்தான் அதுல போய்…

— வேண்டாம் சார். சொல்லாதிய.

— அவ கத்தக்கூட இல்லை. என் தோளைப் பிடிச்சுண்டா, அவ்வளவுதான்.

— போலீஸ்ல என்ன எழுதியிருக்காவ?

— வயசானவர், நேரத்துக்கு மிதிக்கலைன்னு எழுதிண்டா. அதைத் தாங்கிக்கலாம். புனேலேந்து பையன் வந்தான், கௌசிக். பதிமூணாம் நாள் முடிஞ்சு கெளம்பறச்சே வாசல்ல நின்னுண்டு, 'அப்பா, உன் ஹாபிதான் அம்மாவைக் கொன்னுது'ன்னான். அதுக்கப்புறம் ஒரு போன் இல்லை. நான் பண்ணினா எடுக்கறதும் இல்லை. இப்ப சொல்லு, எந்த இடத்துல தப்பு நடந்ததுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

— தெரிஞ்சு என்ன சார் செய்யப் போறிய? போனவிய திரும்பியா வரப் போறாவ?

— வர மாட்டா. ஆனா தெரியணும். இதை மட்டும் தெரியாம நான் சாகப்டாது.

— சரி. பேட்டரி கொண்டாந்திருக்கேன், கட்டுதேன். நீங்க டிரைவர் சீட்டுல உக்காருங்க. ஊதுவத்தி இருக்கா?

— ஊதுவத்தியா? பெட்ரோல் பக்கத்துலயா?

— பெட்ரோல் எங்கியும் சொட்டலன்னு பாத்துட்டேன். எங்க தொழில்ல இதுதான் சார் மெஷின். ஒவ்வொரு இணைப்புக்கிட்டயும் காட்டிட்டே வருவேன். ஓட்டை இல்லன்னா புகை நேரா மேல போவும். ஓட்டை இருந்தா உள்ள இழுத்துரும்.

— இந்தா. பூஜைக்குன்னு அவ வாங்கி வெச்ச பாக்கெட். பாதி மிச்சம் இருக்கு. நான் ஏத்தறதே இல்லை.

— சாவியத் திருப்புங்க.

— கேக்கறதா? எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு பாரு. மேல ஒரு டம்ளர் காப்பி வெச்சா தளும்பாது.

— கேக்குது சார்.

— கார்புரேட்டர் அடியில காமிச்சியா?

— காட்டுதேன். புகை நேராப் போவுது.

— கீழ, எஞ்சினோட சேர்ற இடத்துல?

— அங்கனயும் நேராத்தான் போவுது. நல்லா அளவெடுத்து வெட்டிருக்கிய சார் கேஸ்கெட்டை. என்ன அட்டை இது?

— கௌசிக் கல்யாணப் பத்திரிகை. ஒரு கட்டு மிச்சம் இருந்தது, நல்ல தடிமன். கல்யாணப் பத்திரிகையைப் போய் எண்ணெயில முக்கறேளேன்னு அபயா ரெண்டு நாள் பேசலை.

— சுத்தமான வேலை சார். இருபத்தஞ்சு வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன், நான் வெட்டினாக்கூட இவ்வளவு நேரா வராது. உங்க கைமேல தப்பே இல்ல. போதும், அணைச்சிருங்க. மகன் நம்பரைக் கொடுங்க, நானே பேசுதேன்.

— அப்ப ஒண்ணு கேக்கறேன் பூலோகம். ஒரு மாசமா இருந்த ஓட்டை எங்க போச்சு? ஓட்டை தானா அடையுமா?

— சில வண்டியில சூட்டுக்கு ரப்பர் விரிஞ்சு…

— அடையுமான்னு கேட்டேன்.

— அடையாது சார்.

— ஆஃப் பண்ணிட்டேன். சொல்லு.

— பிரேக்குக்கு முன்னால பெரிய டப்பா ஒண்ணு இருக்குல்லா, பூஸ்டர். எஞ்சின் இழுக்குற இழுப்பை வச்சுத்தான் அது நம்ம காலுக்குப் பலம் கொடுக்கும். எஞ்சின்ல இருந்து அதுக்கு ஒரு ரப்பர் குழாய், ஹோஸ், போவுது. அந்த ஹோஸ் அடிப்பக்கம் கீறி இருந்துச்சு. பாத்தா தெரியாது, கைய விட்டுத் தடவுனாத்தான் தெரியும். எல்லாத்தையும் மாத்துனிய, அதை மட்டும் விட்டுட்டிய.

— இப்ப அது எப்படி இருக்கு?

— இப்ப ஹோஸைக் கழட்டியாச்சு. எஞ்சின் பக்கத்து வாயில ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டிருக்கு. காத்து நின்னுச்சு, நடுக்கமும் நின்னுச்சு. பிரேக்குக்குப் போற பலமும் அதோட நின்னு போச்சு.

— நான் எந்த போல்ட்டையும் சொருகலை.

— தெரியும் சார்.

— எப்படித் தெரியும்?

— நான் சொருகுனது சார். செருப்பைக் கழட்டி அடிங்க. வாங்கிக்கிடுதேன்.

— எப்ப?

— மொத நாள் சனிக்கிழமை சாயந்திரம். நீங்க பல் டாக்டரைப் பாக்க தாதர் போயிருந்திய. மாமிதான் பஞ்சுகிட்ட சொல்லி என்னைக் கூப்பிட்டாவ. 'அவர் வரதுக்குள்ள முடிச்சுடுங்கோ. இன்னொருத்தர் தொட்டதுன்னு தெரியவே கூடாது. மனுஷன் சிரிச்சு ஒரு மாசமாச்சு'ன்னாவ. அவியளே பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சு, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாவ. கீறுன ஹோஸ் கைக்குக் கெடச்சுது. ஆனா அந்த அளவு ஹோஸ் எங்கியும் இல்ல. உல்லாஸ்நகர்ல ஒரு கடையில சொல்லி வச்சேன், வியாழக்கிழமைதான் வரும்னான். அதுவரைக்கும் ஒப்பேத்த ஒரு ஜுகாட் செஞ்சேன். 'மாமி, பிரேக்கு இறுகும், வியாழன் வரைக்கும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது'ன்னு ரெண்டு தடவை சொன்னேன். சரி சரின்னாவ.

— அதான் அவ வியாழக்கிழமை போலாமேன்னா. ஞாயித்துக்கிழமை கோவில்ல கூட்டமா இருக்கும், வியாழக்கிழமை போலாமேன்னா. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துண்டு போனேன். அபயா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.

— எப்படிச் சார் சொல்லுவாவ? சொன்னா நீங்க ஒடைஞ்சு போவியள்லா.

— ஏறி உக்காந்துண்டாளே. எல்லாம் தெரிஞ்சு, என் பக்கத்துல ஏறி உக்காந்துண்டாளேப்பா.

— அழுங்க சார். அழுதுருங்க.

— நீ ஏன் அந்த வியாழக்கிழமை வரலை?

— வந்தேன் சார், ஹோஸோட வந்தேன். வண்டி இல்ல. பஞ்சு ஊருக்குப் போயிருந்தான், புது ஆளு ஒண்ணும் தெரியலன்னான். வேற யாருகிட்டயோ கொடுத்துட்டாவ போலன்னு திரும்பிட்டேன். ஒரு மாடி ஏறி மணி அடிச்சுக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஹோஸ் இன்னும் என் கடையில ஆணியில தொங்குது.

— ம்.

— போலீஸுக்கு வாரேன். என் கைதான்னு எழுதித் தாரேன். மகன்கிட்டயும் என் வாயால சொல்லுதேன். ஆனா சார், எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. எறங்கி வந்து இதைப் பாருங்க. போல்ட்டுல செவப்புத் துணி, ஒரு மொழம் தொங்குது. மாமிக்குத் தெரியாம நான்தான் கட்டினேன். அவசரத்துக்குச் செஞ்ச வேலைன்னா நாங்க துணி கட்டாம விட மாட்டோம், அடுத்து எஞ்சின் மூடியத் தூக்குறவன் கண்ணுல படணும்லா. மூடியத் தூக்கிப் பாக்காம நீங்க ஒரு நாளும் சாவியத் தொட மாட்டியன்னு மாமியே சொன்னாவ. காலையில தூக்குவிய, துணியப் பாப்பிய, வண்டியை எடுக்க மாட்டியன்னு அதை நம்பித்தான் சார் போனேன். அன்னிக்கு மட்டும் ஏன் சார் தூக்கல?

— சாவியைத் திருப்பினேன், நடுக்கமே இல்லை. ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடுத்து பூலோகம், இது என் வேலை இல்லைன்னு.

— தெரிஞ்சுமா சார்?

— அபயா படியில நின்னுண்டு 'நின்னுடுத்தா?'ன்னா. அவ கட்டை விரல்ல கிரீஸ், எவ்வளவு தேச்சிருப்பாளோ, போகலை. 'நானே சரி பண்ணிட்டேன் பாத்தியா'ன்னேன். சின்னக் கொழந்தை மாதிரி கை தட்டினாப்பா. நான் மூடியைத் தூக்கினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அந்த மொகம் வாடப்டாதேன்னு, தூக்காமலே எடுத்தேன்.