இடது கன்னத்துக் குழி

— வால்ஜிகாகா, நீங்க அனுப்பின அச்சு போட்டோ பார்த்தேன். இடது கன்னத்துல இருந்த குழி எங்க போச்சு?

— பட்டி வச்சு அடைச்சுட்டேன், பல்குனிபென். ரெண்டு கன்னமும் இப்ப ஒண்ணு போல இருக்கு. ராஜ்கோட்டுல வேற எவன் இப்படி இழைச்சுக் குடுப்பான்?

— யாரு உங்களை அடைக்கச் சொன்னது?

— இதை ஒருத்தர் சொல்லணுமா? குழி இருந்தா அச்சு மேல படியற சூடான பிளாஸ்டிக் ஷீட் உள்ள இறங்கி மாட்டிக்கும். உன் கேக் டப்பா அச்சுலயும் அப்படித்தான் அடைச்சேன். அன்னிக்கு வாயாரப் புகழ்ந்தே.

— அது லட்சம் டப்பாவுக்கான அச்சு. இதுல எனக்கு வேண்டியது ஒரே ஒரு முகமூடி, காகா. தீத்தழும்பை அமுக்கிப் பிடிக்கணும். நீங்க மேட்டையும் குழியையும் ஒண்ணாக்கிட்டா அது கன்னத்து மேல சும்மா உக்காந்திருக்கும்.

— பாவம், யாரோ பொண்ணு. நீ அனுப்பின முகத்தோட பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்ததும் மனசு கேக்கல. கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு பண்ணிட்டேன்.

— அவளுக்கு அழகு வேண்டாம். வாயைத் திறக்கணும். ரோட்லியை விரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளித் திங்கறா. தீக்காயம் பட்டு நாலு மாசம் போயிடுச்சு. தழும்பு இறுகிட்டா அப்புறம் எந்த முகமூடியாலயும் பிரயோஜனம் இல்ல.

— சரி, கோவிச்சுக்காதே. நான் என்ன செய்யணும்?

— பட்டியை முழுசா சுரண்டுங்க. காது பக்கத்துலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும் ஓடற மேட்டை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் இறக்குங்க. அப்பத்தான் முகமூடி அங்க அழுத்தும். குழிக்குள்ள ஊசியளவு மூணு துளை போடுங்க. காத்தை உறிஞ்சினா ஷீட் அங்க படிஞ்சு ஒட்டிக்கும்.

— கழட்டறப்ப அச்சு உடைஞ்சு போகுமே.

— உடையட்டும். ஒண்ணு வந்தா போதும்.

— முப்பது வருஷத்துல உடையறதுக்குன்னு ஒரு அச்சு செஞ்சதில்லம்மா. அதுவும் ரெண்டு மில்லி... ஒரு முகத்தைச் செதுக்கக் கை வரமாட்டேங்குது. ஒன்றரை வச்சுக்கலாமா?

— ரெண்டு. வலிச்சா அவ பொறுத்துக்குவா.

— அவளைக் கேக்காம நீயே சொல்றியே. ஆமா, வாயில என்ன, பாக்கா? கொஞ்ச நாளா உன் பேச்சு குழறுது.

— லைன் சரியில்ல. சுரண்ட ஆரம்பிச்சீங்களா?

— உளியைக் கையில எடுத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் முடிச்சுடறேன். எத்தனையோ அச்சு செஞ்சு குடுத்திருக்கேன், ஒருநாளாவது பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கியா? நாளைக்காவது அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா. சூடா, மொறுமொறுன்னு காண்டியா வாங்கி வைக்கிறேன்.

— காண்டியா வேண்டாம் காகா, என்னால மெல்ல முடியாது. வதோதராலேர்ந்து முதல் பஸ்ல நான் மட்டும்தான் வர்றேன். அச்சைத் தடவிப் பார்க்கற அதே விரலால என் இடது கன்னத்தையும் தொட்டுப் பாருங்க, ரெண்டு மில்லி சரியா இறக்கியிருக்கீங்களான்னு.