செல்லியின் அரிப்பு நின்ற விதம்

தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிச் சற்று நேரம் வெயிலில் வைத்துவிட்டுத் தடவினால் தோலுக்கு இதமாக இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நர்ஸ் தேவிப்பிரியா. நல்ல பெண். அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டு இந்தச் சுகாதார ஆபீசிலிருந்து நீங்கள் கடிதம் அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஏரியூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை ஐயா. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாதப்பன். வயது எழுபத்து மூன்று. ஒகேனக்கல்லில் முப்பத்தைந்து வருடம் பரிசல் ஓட்டினேன். பரிசலில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீரை மட்டும் காட்டினால் போதாது, கதையும் வேண்டும். ஒரு வெள்ளத்தில் நான் பரிசலோடு அருவியில் விழுந்து, கீழே வந்த வாளை மீன் ஒன்றின் முதுகில் உட்கார்ந்து மேட்டூர் போய்ச் சேர்ந்தேன். அணைக்காரர்கள் மீனை உள்ளே விட்டுவிட்டு என்னிடம் அடையாள அட்டை கேட்டார்கள். இப்படி நிறைய உண்டு. ஊரில் யாரும் நம்புவதில்லை. நான் மழை வருகிறது என்று சொன்னால் துணி துவைத்துக் காயப்போடுவார்கள்.

என் மனைவி செல்லி மட்டும் கேட்பாள். மத்தியானத்தில் கடலை உரிப்பாள், இல்லாவிட்டால் புளியில் கொட்டை எடுப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து சொல்வேன். நான் ஒரு வரி சொன்னால் அவள் "ம்" என்பாள். நாற்பத்தொன்பது வருடமாக இப்படித்தான். அந்த "ம்" வராவிட்டால் எனக்கு அடுத்த வரி வராது. பரிசலுக்குத் துடுப்பு மாதிரி.

போன ஐப்பசியில் அவளுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை. நர்ஸ் வீட்டுக்கே வந்து மாத்திரை அட்டைகளை என் கையில் கொடுத்தாள்.

"தாத்தா, நீங்கதான் பொறுப்பு. ஆயா முழுங்கறத தெனமும் உங்க கண்ணால பாக்கணும். வாயில வெச்சிக்கிட்டு ஏமாத்துவாங்க."

என்னை நம்பி ஒருவர் பொறுப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். இருமல் நின்றது. சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. அதற்குள் அரிப்பு ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ் பொறுமையாக எல்லாம் சொன்னாள். கொதிக்கக் கொதிக்கக் குளிக்கக் கூடாது, வெதுவெதுப்பு போதும். பருத்திச் சேலை கட்ட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். டாக்டரிடம் கேட்டு அரிப்புக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையும் வாங்கி வந்தாள்.

"கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ, உடம்பெல்லாம் தடிச்சுச்சுன்னாலோ ஒடனே எனக்கு போன் பண்ணுங்க. ஆனா அரிக்குதுன்னு நீங்களா மாத்திரைய நிறுத்திடக் கூடாது. பாதியில வுட்டா கிருமி திரும்பி வரும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காது, தாத்தா."

இதை அன்றைக்கே நான் அவளிடம் அப்படியே ஒப்பித்துக் காட்டினேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத வேண்டாம்.

அரிப்பு பாதி குறைந்தது. பாதி இருந்தது. அந்தப் பாதிதான் சிக்கல். அப்போது நான் ரேஷன் கடைக்கு வந்த யானையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பென்னாகரம் காட்டிலிருந்து இறங்கிய ஒற்றை யானை.

"யானை வரிசையில நிக்குது. முன்னாடி காசியம்மா. பின்னாடி நம்ம சவுரியப்பன்."

சரக், சரக்.

"யானையோட முறை வருது. தும்பிக்கையில கார்டை எடுத்து நீட்டுது."

"செத்த இருங்க. முதுகுல, அந்த எலும்புக்குக் கீழ. இன்னும் கீழ. அங்க இல்ல, இந்தப் பக்கம்."

சொறிந்துவிட்டேன்.

"யாரு கார்டு நீட்டுனது?" என்று கேட்டாள்.

"யானை."

"ஓ" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் "ஓ" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த யானை கார்டை நீட்டியபடியே நின்றது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

நான் அவசரப்பட்டு முடிவெடுக்கிறவன் இல்லை. யோசித்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபடியாகக் கிடந்தேன். அப்போது செல்லி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு எனக்காகத் தீ மிதித்தாள். எனக்குக் குணமானது. காமாலை வந்தவன்தான் குண்டத்தில் இறங்க வேண்டும் என்று பூசாரி சொல்லவில்லை. எங்கள் ஊரில் பிள்ளைக்காகத் தாய் மிதிப்பாள், அண்ணனுக்காகத் தங்கை மிதிப்பாள், பலன் உரியவருக்குப் போய்ச் சேரும். எனக்காக அவள் நெருப்பில் நடந்தாள், அவளுக்காக நான் நான்கு மாத்திரை விழுங்குவதா பெரிய காரியம்? விழுங்கினேன். தை மாதம், ஒரு திங்கட்கிழமை.

"டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டாரு புள்ள. உன் சளியில கிருமி இல்லையாம். இனிமே மஞ்ச மாத்திரையும் சத்து மாத்திரையுந்தான்" என்றேன்.

செல்லி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "ம்" என்றாள்.

ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கியது. ஒன்பதாம் நாள் யானைக்கு அரிசி கிடைத்தது. எடை குறைவு என்று அது தாசில்தாரிடம் மனுக் கொடுத்தது வரைக்கும் போனோம்.

நர்ஸ் வாரம் தவறாமல் வந்தாள். காலி அட்டைகளை எண்ணினாள், சரியாக இருந்தது. இந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அதையும் கேட்டாள்.

"ஆயா, ஒன்னுக்கு கலர் மாறித்தான போகுது?"

செல்லி வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டிவிடுவேன். என்னுடையதுதான். மாத்திரை ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. செல்லி குனிந்து கடலை உரித்துக்கொண்டிருப்பாள். அவள் எதையும் கவனிக்கவில்லை.

மாசியில் எனக்கு அரிப்பு வந்தது. செல்லிதான் எண்ணெயை வெயிலில் வைத்து எடுத்துவந்து முதுகில் தடவினாள். என் நகத்தை வெட்டிவிட்டாள். சோளத் தக்கையால் மெதுவாகச் சொறிந்துவிட்டாள். அவ்வளவு பதமாக எனக்குச் செய்ய வராது.

"உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு இது?"

"உங்கிட்டருந்து ஒட்டிக்கிச்சு போல."

"நிறுத்தித்தான் பாருங்களேன்."

"எத?"

"ஒன்னுமில்ல. சும்மா சொன்னேன்."

நான் நிறுத்தவில்லை. பொறுப்பு என்று வந்துவிட்டால் அரிப்புக்கெல்லாம் பயந்தால் ஆகுமா?

பங்குனியில் அவளுக்கு இருமல் திரும்ப வந்தது. புளி அடிக்கிற காலம், தூசு ஏறியிருக்கும் என்றேன். சேலை தளர்ந்தது. வெயில் காலத்தில் யார்தான் இளைக்கவில்லை? சித்திரையில் ஆறு மாதம் முடிந்தது. நர்ஸ் சளி எடுக்கச் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு, காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். விடிந்ததும் புழக்கடைக்குப் போய் நானே காறித் துப்பி மூடிவைத்தேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. எனக்குக் கிருமி எப்படி இருக்கும்? குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். நர்ஸ் செல்லியின் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"ஆயா, இனிமே பயமே இல்ல. தாத்தா மாதிரி ஆளு எல்லா வூட்லயும் இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

செல்லி சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி இருமினாள்.

ஆனியில் இருமலோடு ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே சளியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிருமி மண்டிக்கிடக்கிறது, பழைய மாத்திரைக்கு இனி அடங்காது என்றார்கள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. எத்தன மாசம் மாத்திரை போட்டீங்க?"

செல்லி முகத்திலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கையால் விலக்கினாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசமும் போட்டேனுங்க. இவரு ஒரு நாளும் வுட்டதில்ல."

நான்காம் நாள் போய்விட்டாள்.

அவள் சொன்ன அந்தப் பதிலால்தான் உங்கள் சந்தேகம் நர்ஸ் மேல் திரும்பியது. ஆறு மாதமும் மாத்திரை போட்டவளுக்குக் கிருமி எப்படி வரும், நர்ஸ்தான் வேறு யாருடைய சளியையோ அனுப்பியிருக்க வேண்டும் என்று. அனுப்பியது அவள்தான். துப்பியது நான். இதுவும் மாதப்பன் விட்ட கதை என்று ஊரில் யாராவது உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். சட்டையைக் கழற்றுகிறேன், முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசி, பங்குனி, சித்திரை, நான்கு மாதம் செல்லியின் மாத்திரையை விழுங்கியது நான். அவள் செத்தது அதனால்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் மாதமே டாக்டர் நிறுத்திவிட்டார் என்றுதானே நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அப்புறம் ஆறு மாதமும் போட்டேன் என்று ஏன் சொன்னாள்? செல்லிக்குப் பொய் சொல்ல வராது ஐயா. காய்ச்சலில் உளறியிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை மட்டும் கொஞ்சம் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.