மாதிரி அறை

ஒரு ஹோட்டல் கட்டுவதற்கு முன்னால், ஒரே ஓர் அறையை மட்டும் முழுதாகச் செய்து பார்ப்பார்கள் ஐயா. கட்டில், அலமாரி, குளியலறை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். முதலாளிகள் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் மற்ற அறைகள். பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் வரவிருந்த முந்நூறு அறை ஹோட்டலுக்கு அந்த மாதிரி அறையைச் செய்த தச்சன் நான்தான். ஒரு கொட்டகைக்குள் செய்தேன். ஜன்னலில் ராட்டினம் தெரிய வேண்டும் என்றார்கள். பூங்காவே வரவில்லை, ராட்டினத்துக்கு நான் எங்கே போவேன்? கண்ணாடிக்குப் பின்னால் படம் ஒட்டி விளக்குப் போட்டேன். ஏ.சி.கூட வெறும் முகப்புதான்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தாயில்லாப் பிள்ளை. “ஹோட்டல் திறந்ததும் இந்த ரூம்ல முதல்ல தங்கப்போறது நீதான்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஹோட்டல் காகிதத்தோடு நின்றுபோனது. கொட்டகையை எல்லோரும் மறந்தார்கள், சாவி என்னிடமே தங்கிவிட்டது.

பதினாறு வருடம் கழித்து அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாலு மணி ரயிலுக்குப் பெட்டி கட்டிவிட்டு, “வாராவாரம் போன் பண்றேன்பா” என்றாள். வாரத்துக்கு ஒரு போன். அவளைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

போகும் வழியில் அந்த அறையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அழைத்துப் போனேன். அவளுக்காக முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து புது வார்னிஷ் அடித்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் சிரித்தாள். “இன்னும் ராட்டினம் சுத்தலையேப்பா.” அவளுடைய கைப்பையை நான் முன்பே வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். ரயில் போகும்வரைதான். பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

முதலில் கோபப்பட்டாள். பிறகு இருமினாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு, வார்னிஷ் நெடி ஆகாது. ஜன்னலைப் போட்டு இழுக்கும் சத்தம் கேட்டது. அது திறக்காது என்று எனக்குத் தெரியும், செய்தவன் நான்தானே.

“அப்பா, பையை மட்டும் குடுங்க. இன்ஹேலர் அதுலதான் இருக்கு.”

பை என் மடியில்தான் இருந்தது. அதைக் கொடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் போய்விடுவாள்.

ரொம்ப நேரம் கழித்து, “நான் போகலப்பா” என்றாள். குரல் தேய்ந்துபோயிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும் செய்தேன். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது ஐயா. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.