படம் பார்க்கிற படிப்பு

வெள்ளவத்தை ஸ்டேசனில் கோச்சி ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிர் சீட்டில் இருந்தார்கள். இளையவர் இருந்த கையோடு கேட்டார்:

“படம் பாக்கிறதுக்கு கம்பசில மார்க்ஸ் குடுப்பினமோ, அக்கா?”

“ஏன், மகள் அப்பிடியே சொல்லுறாள்?”

“ஓம். லண்டனில ஸ்பானிஷ் இலக்கியமும் சினிமாவும் படிக்கிறாளாம். லீவுக்கு வந்தும் அறையைப் பூட்டிப்போட்டுப் படம்தான். கேட்டால், படிக்கிறாளாம்.”

“ஆரும் ஸ்பெயின்காரன் இருக்கிறானோ?”

“அதுக்குத்தானே கதவில காது வைச்சுக் கேட்டனான். ஒரு சொல்லும் விளங்கேல்லை. நேற்று அவளே கூப்பிட்டாள், ‘அம்மா, வந்து பாருங்கோ’ எண்டு.”

“என்ன படம்?”

இளையவர் குரலைத் தாழ்த்தினார். நான் சற்று முன்னால் சாய்ந்தேன்.

“அதில ஒரு தாய், மகளின்ர கதவில காது வைச்சுக்கொண்டு நிக்கிறாள். இவள் அந்த இடத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாள்.”

“ஐயோ!”

“இவ்வளவு படம் இருக்க, ஏன் அதைப் போட்டவள்? நான் காது வைச்சதைப் போன கிழமை உங்களுக்கு மட்டும்தானே அக்கா போனில சொன்னனான்?”

அக்கா ஜன்னல் வழியே கடலைப் பார்க்கத் தொடங்கினார். தெஹிவளை வந்தும் திரும்பவில்லை.