கோகுல் ஏன் முகம் காட்டவில்லை

கணினியில் தமிழ் எழுதுவது இடியப்பம் பிழிவதைவிடச் சுகம் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. எனக்கு இடியப்பம் பிழியத் தெரியாது. ஆனால் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

சோபனா, தமிழ்ப் பள்ளியின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் கேட்டது சின்ன விளக்கம்தான். "மகேசன் மாஸ்டர், உங்கட ஒன்லைன் பயிற்சியில கோகுல் எண்டு ஒராள் இருக்கிறார். ஒருநாளும் கமராவில முகம் காட்டேல்லை. ஆர் அந்தாள்?"

கோகுல் நான்தான்.

இதில் பெரிய மர்மம் இல்லை. மாணவரின் திரையில் என்ன தெரியும் என்று காட்ட, பயிற்சி நடத்துகிறவர் ஒரு சோதனைக் கணக்கு வைத்திருப்பது வழக்கம். மற்றவர்கள் அதற்கு 'மாணவர் ஒன்று' என்று பெயர் வைப்பார்கள். எனக்கு அது உப்பில்லாத சோறு. நான் கோகுல் என்று பெயரிட்டு, வெலிங்டனில் ஒரு வீடும், குறட்டையால் அந்த வீட்டுக் கூரையைத் தூக்குகிற ஒரு மாமியாரும் கொடுத்தேன்.

பிள்ளைகளுக்குத் திரையில் எழுதப் பழக்கும் முன் ஆசிரியர் தாமே ஒரு பக்கம் எழுதவேண்டும், மற்றவர்கள் அதன் ஓரத்தில் கருத்துச் சொல்லவேண்டும். என் பயிற்சியின் முறை அது. ஒருவர் தோட்டத்துப் பூசணியைப் பற்றி எழுதினார். ஓரமெல்லாம் பாராட்டு. இங்கே பக்கத்தில் ஒனிஹங்காவில் தாயோடு இருக்கிற புஷ்பமலர் ரீச்சர் தம்பியைப் பற்றி எழுதினார். தம்பி டெஸ்மன் சண்டைக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவன். படகு போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரம் ஒரு கிழமை வெறுமையாகவே கிடந்தது. என்ன எழுதுவது என்று எவருக்கும் தெரியவில்லை.

"நான் பிழையா எழுதிப்போட்டனோ மாஸ்டர்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். இனி எழுதமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. நல்ல எழுத்து, சோபனா. அதை விட்டுவிட முடியுமா?

அதனால் கோகுல் எழுதினான். தான் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்ததாகவும், அங்கே டெஸ்மன் என்று ஓர் அண்ணா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னான். அவ்வளவுதான். கொஞ்சம் உப்பு.

புஷ்பமலர் உடனே நம்பவில்லை. மன்னாரில் டெஸ்மன் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று பதில் போட்டார். ஆள் கெட்டிக்காரி.

திரையில் எழுதுகிறவர் அழித்துவிட்டதாக நினைக்கும் வரிகள் அழிவதில்லை. பக்கத்தின் பழைய வடிவங்களைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளை எங்கே தயங்கியது என்று பார்க்க ஆசிரியருக்கு உதவும். இதை நான் மூன்றாம் பாடத்தில் கற்பிக்கிறேன். புஷ்பமலர் அப்போது இரண்டாம் பாடத்தில் இருந்தார்.

அவருடைய பக்கத்தில் அழித்த வரி ஒன்று இருந்தது. தம்பி புறப்பட்ட அன்று, அம்மாவைத் தனியே விட்டுப் போகிறானே என்ற ஆத்திரத்தில், "போய்த் துலை, திரும்பி வராதை" என்று அவனைப் பேசியிருக்கிறார். எழுதிவிட்டு அழித்திருந்தார். வாழ்நாளில் எவருக்கும் சொன்னதில்லை என்ற வரியையும் சேர்த்து அழித்திருந்தார்.

மறுநாள் கோகுல் எழுதினான்: "அக்கா ஆத்திரத்தில் துலைந்து போ என்று சொன்னதைத் தான் மனதில் வைக்கவில்லை என்று அண்ணா அடிக்கடி சொல்வார்."

அதற்குப் பிறகு அவர் எழுதியதைப் போல ஓர் எழுத்தை நான் கண்டதில்லை. இதில் மிகைப்படுத்தல் இல்லை.

தாய் இராசமலர் இத்தனை வருடமும் மகனுக்கு இறந்தவர் பூசை ஒப்புக்கொடுக்கச் சம்மதிக்காமல் இருந்து, இந்தக் கார்த்திகையில்தான் சம்மதித்திருந்தாராம். புஷ்பமலர் பங்குச் சுவாமியிடம் போய் அதை நிறுத்தினார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படி அந்தப் பூசை? பிறகு வேலையை விட்டார். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்தார். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகும்முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் எழுதப் பழக்கியிருக்காட்டி எனக்கு அவன் கிடைச்சிருப்பானே, மாஸ்டர்? அம்மாவை ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

போனேன். வாக்குக் கொடுத்தால் தவறமாட்டேன். தாய் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டெஸ்மன் எப்படி இருப்பான், எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"அவன் கடலோட போயிட்டான். பெத்தவளுக்குத் தெரியாதே? ஒரு பூசை குடுத்திட்டுக் கண்ணை மூடுவமெண்டு இருந்தன். இப்ப இருந்த பிள்ளையும் இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்கள் சொன்னாக் கேப்பாள். வரச்சொல்லுங்கோ மாஸ்டர். எனக்கு நாள் இல்லை."

"ஓம், சொல்லுறன்" என்றேன். அழுதேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்நெஞ்சன் என்று எவரும் நினைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். புஷ்பமலர் மண்டபத்திலிருந்து எழுதியிருந்தார். வெயிலில் நின்று நின்று கால் வீங்கிவிட்டதாம். அந்தப் பெயரில் எவரையும் அங்கே தெரியாதாம். "தம்பி கோகுல், அண்ணா வேறெங்கும் மாறிப் போனவரோ? உம்மை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை" என்று முடித்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அந்தப் பெண் மனம் உடைந்து அந்த இடத்திலேயே எழுதுவதை விட்டிருப்பார்.

திண்டுக்கல் பக்கம் ஒரு முகாம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள் என்று எழுதினேன். அங்கே மலைக்காற்று வருமாம். அவருடைய கால் வீக்கத்துக்கு நல்லது.