கண்ணாடியை உடைத்தது ஹார்மோன் அல்ல

பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி. வயது முப்பத்தாறு. தையல் கடையில் துணி வெட்டும் வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். விவாகரத்தும் கேட்கிறார், மகளையும் கேட்கிறார். அவர் கடை ஷோகேஸை நான் உடைத்ததாக அவர் கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எனக்குத் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகையும் ஆத்திரமும் வரும். ஹார்மோன் ஏறி இறங்குவதை என் உடம்பு தாங்கவில்லை என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு மனுஷியாக நடமாடினேன். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது வழக்கம். அதன் பிறகு இரண்டு மாதமாக மாத்திரை போட்டும் கேட்கவில்லை. கத்தினேன், தட்டை வீசினேன். கணவர் என் பக்கமாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு சம்பவத்தன்று வேலை முடிந்து, வீட்டுச் சாவி வாங்க அவர் கடைக்குப் போனேன். உள்ளே என் குரலே கத்திக்கொண்டிருந்தது. நான் கத்திய வீடியோவைக் கணவர் என் நாத்தனாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "இது போதும்ண்ணே. பைத்தியக்காரிகிட்ட எந்தக் கோர்ட்டு புள்ளையக் குடுக்கும்?" என்றார் நாத்தனார். சாவிக்காக டிராயரை இழுத்தேன். என் மாத்திரைகள் அங்கே கிடந்தன. பக்கத்தில் அதே நிறச் சத்து மாத்திரையின் காலி அட்டைகள்.

"உன் நல்லதுக்குத்தான் மாத்தி வச்சேன்" என்றார் அந்த யோக்கியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு பையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து ஷோகேஸில் அடித்தேன். ஒரே அடியில் உடையாததால் இன்னொன்றும் அடித்தேன்.

அதன் பிறகு ஸ்டேஷனில் இதை எழுதும் ஏட்டய்யா, "அந்த நாள் கோளாறுல தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிடும்மா. உங்க வீட்டுக்காரர் புகாரை வாபஸ் வாங்கிக்கிறாராம்" என்றார். ஏன் வாங்கமாட்டார்? அந்த ஒரு வரிக்குத்தானே இத்தனை பாடுபட்டார். அதைக் காட்டி நாளைக்கே என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அன்று எனக்கு மாதவிலக்கு முடிந்து இரண்டு நாள். நன்றாகத் தூங்கி எழுந்து, சாயங்காலம்வரை சட்டைத் துணி பிசகில்லாமல் வெட்டிவிட்டுத்தான் அங்கே போனேன். சுயபுத்தியோடு உடைத்தேன். வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். "மாதவிலக்குக் கோளாறினால்" என்று நான் சொல்லாமலே சேர்த்திருந்ததை அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். மற்றதெல்லாம் என் வாயால் சொன்ன உண்மை. கீழே ஒரு கையெழுத்தும், அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.