மூட்டையில் இருந்த ரோமமும் மீதி நாயும்

பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தொன்று, ஆதார் அட்டை எழுபத்தாறு என்கிறது, அதோடு சண்டை போடவில்லை. தகப்பனார் சுப்பையன். சொந்த ஊர் குண்டடம் பக்கம். அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன் வீட்டில் நேற்று வரை காவலாளி. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு செம்மறி மேய்த்து, ரோமம் கத்தரித்து வந்தேன்.

முதலாளியின் நாயைத் திருடி விற்றுவிட்டு, தெருநாயைக் கொண்டுவந்து வைத்ததாக என்மேல் புகார் என்று சார்பு ஆய்வாளர் அம்மா சொல்லக் கேட்டு, பின்வருமாறு சொல்கிறேன்.

மேற்படி நாய் பனி பெய்யும் தேசத்துச் சாதி. பெயர் ஸ்னோ. ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக முதலாளி மூன்று வருடமாக அதை ஏசி அறையில் பூட்டி வைத்திருந்தார். சோறு வைப்பது என் வேலை.

சித்திரையில் முதலாளி குடும்பத்தோடு வெளியூர் போன மறுநாள் ஏசி நின்றுவிட்டது. போன் செய்தேன். "ஃபேனப் போட்டு உடுங்க" என்றார். போட்டேன். அது அனலை அள்ளி நாய்மேல் கொட்டியது. அறையைத் திறந்துவிட்டேன். அதன் பிறகு நாய் சோறு தின்னாமல் வாசல் சாக்கடை மூடிமேல் வயிற்றை வைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் எழவே இல்லை. மறுபடி போன் செய்து, "ஏனுங்க முதலாளி, இந்த வெயிலுக்கு நானே பனியனக் கழட்டிப் போட்டுட்டனுங்க. இது எதைங்க கழட்டும்?" என்றேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஆட்டுக் கத்தரியை எடுத்து காதோரம் தவிர நாயை முழுக்கக் கத்தரித்தேன். நாய் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அதன் பிறகு தண்ணீர் ஊற்றினேன். பொழுது சாய எழுந்து என் சோற்றையும் சேர்த்துத் தின்றது. ரோமத்தை மூட்டை கட்டி வைத்தேன்.

நேற்று திரும்பிய முதலாளி, "எந்தக் கசாப்புக் கடை நாய் இது? என்னோட ஸ்னோ எங்க?" என்றார். இதுதான் என்றேன். நம்பாமல் என்னை வேலையை விட்டு நிறுத்திப் புகாரும் கொடுத்தார்.

இன்று நிலையத்தில் நாயையும் மூட்டையையும் ஒப்படைத்தேன். முதலாளி மூட்டையைப் பிரித்ததும் கண் கலங்கி, "இதுதான் மேடம் என்னோட ஸ்னோ" என்றார். பக்கத்தில் நின்ற நாய் அவர் கையை நக்கியது. அதைத் தள்ளிவிட்டார்.

அதன் பிறகு அம்மா, காது வெட்டுப்படும் என்று பயந்து நான் விட்டுவைத்த காதோர ரோமத்தை மூட்டை ரோமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாய் அதேதான், திருட்டு இல்லை என்றார். "இந்தக் கோலத்துல இத வெச்சு நான் என்னங்க பண்றது? ஆர்டர் குடுக்கற பையர் சிரிப்பான்" என்றார் முதலாளி.

"அப்ப மூட்டைய நீங்க எடுத்துக்குங்க, மீதிய நான் வெச்சுக்கறேன்" என்றேன். நாயில் தமக்குப் பாத்தியம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, மூட்டையைக் காரில் ஏற்றினார்.

"நீங்களும் கட்டித்தானே வெப்பீங்க, பெரியவரே?" என்று அம்மா கேட்டார்.

"சங்கிலியே இல்லீங்க அம்மிணி. பனி ஊருக்கு வழி தெரிஞ்சா அது போகட்டும். எனக்குக் குண்டடம் பஸ்சுதானுங்க தெரியும்" என்றேன்.

ரோமம் வளர்ந்தால் முதலாளிக்கு நாயை அடையாளம் தெரிந்துவிடும் ஆகையால், வளர வளரக் கத்தரிப்பேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

எழுதியதை வாசித்துக் காட்ட, நானும் நாயும் கேட்டோம். அத்தனையும் நிஜம். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சென்னியப்பன்